104 காட்டினால் எங்கே போவது: வீடா, தெருமுனை டாக்டரா, எழும்பூரா?

நவம்பர் மாதம், மணி ராத்திரி 1:40. சென்னை வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் விளக்கு எரிகிறது. மூன்று வயது மகளின் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 103.4 காட்டுகிறது. அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகத்தான் காட்டும். ஆக, 104 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஈரத்துணி போட்டு, மருந்து குடுத்து, விடியற வரைக்கும் பாருப்பா" என்றார் அம்மா. "எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் மனைவி. கையில் ஏற்கெனவே பை இருந்தது. போரூரில் இருக்கும் மைத்துனன் ஃபோனில், "பக்கத்துல இருக்கற பெரிய பிரைவேட்டுக்குப் போயிடுங்க மாமா, இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்றான். எனக்கோ தெருமுனை டாக்டர் காலையில் வந்ததும் காட்டினால் போதும் என்று தோன்றியது. ஆளுக்கொரு வழி. நடுவில் குழந்தை, நெருப்பாகக் கொதித்துக்கொண்டு.

எது சரி என்று பின்னால் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரிக்கு அம்மா சொன்னதுதான் சரி. ஆனால் நாலு நாள் கழித்து, காய்ச்சல் 99-க்கு இறங்கி, "அப்பாடா" என்று நாங்கள் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனைவி சொன்ன எழும்பூர்தான் சரியாக இருந்தது. பயப்படத் தேவையில்லாத ராத்திரியில் வீடே விழித்திருந்தது. பயப்பட வேண்டிய சாயங்காலத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் இந்த ஒப்பீட்டில் எந்த ஆஸ்பத்திரி உசத்தி என்பதைவிட, எந்த நாளில், எந்த ஆளுக்கு, எந்தக் கதவு என்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் அந்த எண். காய்ச்சல் என்பது 100.4-இல் (38 டிகிரி செல்சியஸ்) தொடங்குகிறது. 104 என்பது 40 செல்சியஸ். "காய்ச்சல் மூளைக்கு ஏறிடும்" என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. தொற்றால் வரும் காய்ச்சலில் உடம்பே ஒரு எல்லை வைத்துக்கொள்கிறது. 106-ஐத் தாண்டுவது அபூர்வம். 104 என்ற சூடு மட்டும் மூளையைக் கெடுத்துவிடாது. கெடுப்பது அந்தச் சூட்டுக்குக் காரணமான நோயாக இருக்கலாம். அதை எண்ணைவிட ஆளைப் பார்த்தால்தான் தெரியும். 104 தொட்ட குழந்தையை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும், அதில் பேச்சே இல்லை. இப்போதே ஓடவேண்டுமா, விடிந்ததும் போகலாமா என்பதுதான் கேள்வி.

எண் மட்டுமே போதும், வேறெதையும் பார்க்க வேண்டாம் என்கிற ஆட்களும் உண்டு. மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு 100.4 இருந்தாலே, எந்த நேரமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். மருந்து கொடுத்துப் பார்ப்பது, பாட்டி வைத்தியம் எதுவும் கிடையாது. மூன்றிலிருந்து ஆறு மாதக் குழந்தைக்கு 102 என்றால் அன்றைக்கே டாக்டர். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் 'நாளைக்குப் பார்க்கலாம்' பட்டியலில் இல்லை.

சரி, வீடு என்ற வழி. செலவில்லாதது, குழந்தைக்குப் பழகிய இடம், ஆஸ்பத்திரியில் இருந்து வேறு தொற்றைக் கொண்டுவரும் தொல்லை இல்லை. ஆனால் இந்த வழிக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும், மருந்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டாவதில்தான் கோட்டை விட இருந்தோம்.

ஃப்ரிட்ஜில் இரண்டு பாராசிட்டமால் சிரப் இருந்தன. இரண்டும் ஆரஞ்சு நிறம், இரண்டும் ஸ்ட்ராபெரி வாசனை. ஒன்றில் 5 மில்லியில் 125 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250. போன வருஷம் 125 இருந்த பாட்டிலில் இருந்து எத்தனை மில்லி கொடுத்தோம் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. கையில் எடுத்ததோ 250. குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது கணக்கு. மகள் 13 கிலோ. 125 சிரப் என்றால் 7 மில்லி, 250 என்றால் 3.5 மில்லி. பழைய ஞாபகத்தில் 7 மில்லி ஊற்றியிருந்தால் இரட்டிப்பு. ஒரு தடவை என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் அப்படியே கொடுத்திருந்தால் ஈரல் தாங்காது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதைச் சிரப் என்று நினைத்து அளந்தால் கதை கந்தல். சமையல் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவுக் குப்பி அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு. குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. பெரியவர்களுக்கு 650 மாத்திரை என்றால், சளி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அம்மாவின் ஈரத்துணியில் தவறில்லை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் குழந்தைக்கு நடுக்கம் வரும். நடுங்கினால் உடம்பு இன்னும் சூட்டைத்தான் கிளப்பும். யூடிகோலோன், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். கம்பளியைச் சுற்றி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி வியர்க்க வைப்பது அம்மாவின் கொள்கையில் அடுத்த பத்தி. அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். 102. எண் இறங்கியதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பெரிய நோயிலும் பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் இறங்கும். ஆனால் மகள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள், அப்புறம் ஃபோன் கேட்டாள். ஃபோன் கேட்கிற குழந்தையை விடியும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் சொந்தத் தியரி. டாக்டர்கள் இதையே வேறு வார்த்தையில் கேட்பார்கள்: முகம் பார்த்துப் பேசுகிறதா, குடிக்கிறதா, ஆறேழு மணி நேரத்துக்குள் சிறுநீர் போயிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், குழந்தை அழாதபோது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40-க்கு மேல் போனால், விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுத்தால், அங்கே முடிந்தது வீட்டு வழி.

இன்னொரு வழியையும் அன்றைக்குப் பார்த்தோம். தெர்மாமீட்டரில் 104 என்றால் ஃபோனிலும் 104 அழுத்தலாம்: தமிழ்நாட்டு அரசின் மருத்துவ ஆலோசனை எண். அவர்கள் குழந்தையைப் பார்க்க முடியாது, கேள்விதான் கேட்க முடியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நிதானமான குரல் ஒன்று வரிசையாகக் கேள்வி கேட்பதே பாதி வைத்தியம். மைத்துனனுக்கு ஃபோன் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

மெடிக்கல் ஷாப்பை ஒரு வழியாகவே நான் எண்ண மாட்டேன், பாராசிட்டமாலும் ஓஆர்எஸ் பொட்டலமும் வாங்குவதைத் தவிர. "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால், பெயர் தெரியாத நாலு மாத்திரையை வெட்டி ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் ஒன்று வலிமாத்திரையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலம் சென்னையில் டெங்கு சீசன். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும்வரை இபுபுரூபன், மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் ஆகாது, ரத்தக்கசிவைக் கூட்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எந்த சீசனிலும் கூடாது. கவரில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் அது இன்னொரு கூத்து. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. டைஃபாய்டாக இருந்தால் அரைகுறையாக மறைத்து, பின்னால் வரும் டாக்டரைக் குழப்பும்.

காலையில் தெருமுனை டாக்டர். பகலில், முதல் மூன்று நாளுக்குள், குழந்தை ஓரளவு தெளிவாக இருக்கிறபோது, இதற்கு மேல் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் பார்ப்பார். போன முறை என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கே தெரியும். குறை என்று சொன்னால் நேரம்தான். டோக்கன் குறிப்பிட்ட சில மணி நேரம்தான். படுக்க வைத்துக் கவனிக்க இடமில்லை. அப்புறம் நம் குறையும் ஒன்று உண்டு: "ஊசி போட்டுடுங்க டாக்டர், சீக்கிரம் இறங்கிடும்". ஊசியில் போவதும் பெரும்பாலும் அதே காய்ச்சல் மருந்துதான், இல்லாவிட்டால் மேலே சொன்ன வலி மருந்து. எங்கள் டாக்டர் கேட்டாலும் போட மாட்டார். அதனாலேயே அவர் கிளினிக்கில் கூட்டம் கொஞ்சம் குறைவு.

மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தை நடுத்தர வர்க்கத்து வீடுகளில் யாரும் நினைப்பதே இல்லை. தடுப்பூசிக்கு மட்டும் போவோம். அங்கே பார்ப்பதும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். மழைக்காலத்தில் தெருவுக்கே காய்ச்சல் முகாம் வரும். டெங்கு என்று அங்கே பதிவானால் உங்கள் தெருவில் கொசு ஒழிக்க ஆள் வரும் வாய்ப்பும் கூடுகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் நல்லது. ராத்திரி அவசரத்துக்கு மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள்.

நிலவேம்புக் கஷாயம் பற்றிக் கேட்பீர்கள். 2012-இல் டெங்கு பரவியபோது அரசே கொடுத்தது, பெரியவர்கள் குடிக்கட்டும். ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டால் அது மருந்தல்ல, சாக்கு.

ரத்தப் பரிசோதனையை டாக்டருக்கு முன்னால் செய்வதா பின்னால் செய்வதா? இப்போது ஆப்பில் தட்டினால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, ராத்திரிக்குள் முப்பது எண்களை அனுப்பிவிடுகிறார்கள். பின்னால்தான் என்பேன். முதல் நாள் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவது ஆபத்து. டெங்குவுக்கு என்எஸ்1 சோதனை முதல் நாலைந்து நாட்களில் உதவும். அதற்குப் பிறகு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் வேறு சோதனை. டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் சோதனை தொடக்கத்தில் ஒன்றையும் சொல்லாது, சிலருக்கு இல்லாததையும் சொல்லும். மகளுக்கு மூன்றாம் நாள் எடுத்தோம். என்எஸ்1 பாசிட்டிவ், தட்டணு 1,60,000. டாக்டர் தட்டணுவைவிட அதற்குப் பக்கத்தில் இருந்த பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எண்ணைத்தான் பேனாவால் வட்டமிட்டார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். "காய்ச்சல் விட்டா சந்தோஷப்படாதீங்க, அன்னைக்குத்தான் எனக்கு ஃபோன் பண்ணணும்" என்றார். நான் தலையாட்டினேன். தட்டணு நன்றாக இருக்கிறது என்ற பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அடுத்த வழிகள் இரண்டும் ராத்திரிக்கானவை: அரசு மருத்துவமனையா, தனியாரா?

என் மனைவிக்கு எழும்பூர் என்றால் ஒரு நம்பிக்கை. அவள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் காட்டி வளர்ந்தார்கள். குழந்தைகளுக்கென்றே இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை. இருபத்து நாலு மணி நேரமும் குழந்தை மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு சீசனில் அங்கே ஒரு மருத்துவர் பார்க்கும் டெங்குக் குழந்தைகளை ஒரு சின்ன நர்சிங் ஹோம் பல வருஷத்திலும் பார்க்காது. நஷ்டம் எது என்றால் கூட்டம், பெஞ்சு, கூட ஒருவருக்கு மேல் இருக்க முடியாத சங்கடம். பெரியவர்களுக்கு சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராயப்பேட்டை என்று வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்துக்கொள்ளலாம்.

தனியாரில் தனி அறை, உடனே படுக்கை, யாராவது நின்று பதில் சொல்வார்கள். முன்பணம் கேட்பார்கள். ஆனால் பெரிய கட்டிடம் என்பதை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வியை ஃபோனிலேயே கேளுங்கள்: "இப்போ டூட்டியில குழந்தை டாக்டர் இருக்காரா, குழந்தைங்களுக்கு ஐசியு இருக்கா?" இல்லை என்றால் அங்கே ஒரு மணி நேரம் டிரிப் ஏற்றிவிட்டு, "மேல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சீட்டு எழுதுவார்கள். எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு, பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் அப்படித்தான் நடந்தது. பணத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய நஷ்டம். இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். மைத்துனன் சொன்னதில் தவறில்லை.

எதில் போவது என்பதும் ஒரு முடிவுதான். நம் கை முதலில் பைக் சாவிக்குத்தான் போகும். துவண்ட குழந்தையை, குழம்பிய பெரியவரை நடுவில் உட்காரவைத்து பைக்கில் போகாதீர்கள். தெளிவாக இருந்தால் ஆட்டோ, கால் டாக்ஸி. வலிப்பு, மூச்சுத் திணறல், நினைவு தப்புவது, உதடு நீலமாவது என்றால் 108. அதில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் இருப்பார்கள்.

வலிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் தப்பாகச் செய்வது அங்கேதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. சாவி தேடுகிற நேரத்தில் 108-ஐ அழைக்கலாம். ஐந்து நிமிடம் தாண்டினால், திரும்ப வந்தால், முதல்முறை வந்திருந்தால், நின்ற பிறகும் தெளியாவிட்டால் காத்திருக்கவே கூடாது. கழுத்து விறைப்பு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தாலும் அப்படித்தான்.

அம்மாவுக்கு வருவோம். 68 வயது, சர்க்கரை. அவருக்கு 101 வந்தாலே நான் வீட்டு வழியை எடுக்க மாட்டேன். வயதானவர்களுக்கு உடம்பு சூடே அவ்வளவாக ஏறாமல் நோய் முற்றலாம். சாப்பிட மறுப்பதும், 'இன்னைக்கு என்ன கிழமை' என்று திரும்பத் திரும்பக் கேட்பதும்தான் அவர்களுடைய 104. மழைத்தண்ணீரில் நடந்தவராக இருந்து கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால், தேங்கின தண்ணீரில் நடந்ததை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் என்பது அந்த ஒரு வாக்கியத்தில்தான் பிடிபடும்.

மே மாதத்து 104 வேறு கதை. கத்திரி வெயிலில் வேலை செய்த ஒருவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது தொற்றுக் காய்ச்சல் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக் (வெப்பத் தாக்கு). அதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்கு இழுத்து, துணியைக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிற வேண்டும்; கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். குழந்தையின் காய்ச்சலுக்கு எதைக் கூடாது என்றேனோ, அதையே இங்கே தயங்காமல் செய்ய வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். காய்ச்சல் 99. குழந்தை சோபாவில் சுருண்டு கிடந்தாள். அசதி என்று விட்டுவிட்டோம். மதியத்திலிருந்து இரண்டு முறை வாந்தி, வயிறு வலிக்கிறது என்றாள். சாக்ஸ் மாட்டப் போன மனைவி பாதத்தைப் பிடித்தபடியே, "என்னங்க, கால் ஜில்லுன்னு இருக்கு" என்றாள். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்டம்; அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். இந்த முறை யாரும் விவாதிக்கவில்லை. கால் டாக்ஸி, எழும்பூர்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் மகளின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து, விட்டு, வெளுத்த நகம் சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார். இரண்டு நொடிக்கு மேல் ஆனது. அடுத்த சில நிமிடத்தில் டிரிப் ஏறியது. தட்டணு ஏற்றுவார்களா என்று கேட்டேன். ரத்தம் கசியாதவரை அது வேண்டாம், நீர்தான் வைத்தியம், அதுவும் அளந்து என்றார் டாக்டர். மணிக்கொருமுறை வந்து அளவை மாற்றினார்கள். அந்த அளவை வீட்டில் இளநீரால் போட முடியாது. இரண்டு ராத்திரி இருந்தோம்.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிரப் பெயருக்கு எதிரே மில்லி, தெருமுனை டாக்டர் எண், 104, 108. 125 பாட்டிலை வைத்துக்கொண்டோம், இன்னொன்றைத் தூக்கிப் போட்டாயிற்று. போன மாதம் அம்மா அதில் மகளின் எடை 13 கிலோ என்பதை அடித்துவிட்டு 14.5 என்று எழுதி, பக்கத்தில் மில்லியை என்னைக் கணக்குப் போடச் சொன்னார்.